சப்பரல் புதர்க்காடுகளில் முற்காலத்தில் தீ எவ்வாறு நிகழ்ந்தது?

தீயை உடனுக்குடன் அணைத்து வந்ததால், எரியக்கூடிய செடிகொடிகள் குவிந்துதான் இன்று பெருந்தீ மூள்கிறது என்ற கருத்து, பைன் காடுகளுக்கு ஓரளவு பொருந்தினாலும், தெற்குக் கலிபோர்னியாவின் சப்பரல் புதர்க்காடுகளுக்குப் பொருந்தாது என்பதே என் கணிப்பு. முறையான தீயணைப்பு ஏற்பாடுகள் தோன்றுமுன்பே, 1889 செப்டம்பரில் அங்குள்ள சாண்டியாகோ பள்ளத்தாக்கில் மூண்ட தீ, சாண்டா ஆனா எனப்படும் வறண்ட காற்றில் பரவி, ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்ததாக மதிப்பிடப்படுகிறது.

இங்கே தீ தரையோடு ஊர்ந்து போவதில்லை; புதரை உச்சிவரை எரித்துவிடும். பின்னர்ச் சில செடிகள் வேர்க்கட்டையிலிருந்து துளிர்க்கும். சியனோத்தஸ் என்னும் புதர்ச்செடியின் சில இனங்களோ, மண்ணில் பல்லாண்டு உறங்கிய விதை சூடுபட்டு முளைப்பதையே நம்பியிருக்கும். முன்பு பெரும்பாலும் 30 முதல் 150 ஆண்டு இடைவெளியில் வந்த தீ, இப்போது மனிதரால் அடிக்கடி மூளுவதால், விதை சேருமுன்பே இளஞ்செடி கருகி, அயல்புல் இடம்பிடிக்கிறது. அந்தப் புல்லோ இன்னும் எளிதில் பற்றும்.