ஜப்பானீஸ் கிராமர் ஓரளவு புரியுது, ஆனா காதுல கேட்டா ஒண்ணும் புரியல. என்ன பண்ணலாம்?

நானும் இதே இடத்துல நின்னவன்தான். ஒரகடம் பக்கம் ஒரு பேக்டரில வேலை, ஜப்பான்லருந்து வர்ற இன்ஜினியர்ஸோட தினமும் பேசணும், அதுக்காகத்தான் படிக்க ஆரம்பிச்சேன். முதல் தடவை என்5 (ஜேஎல்பிடிங்கிற ஜப்பானீஸ் பரீட்சையோட ஆரம்ப லெவல்) எழுதினப்போ 180க்கு 104. பாஸ் மார்க் 80தான், ஆனாலும் ஃபெயில், ஏன்னா லிஸனிங்ல தனியா 60க்கு 19 எடுத்தே ஆகணும், நான் எடுத்தது 17. அதுக்கப்புறம் ஆறு மாசம் என்ன பண்ணேனோ அதைத்தான் எழுதுறேன்.

முதல்ல கிராமர். நீங்க இங்கிலீஷ் வழியா படிக்கிறீங்கன்னா தயவுசெஞ்சு நிறுத்துங்க, தமிழ்லயே யோசிங்க. 'யொந்தெ'ன்னா 'படிச்சு'. 'யொந்தெ மிரு' படிச்சுப் பாரு, 'யொந்தெ ஒகு' படிச்சு வை, 'யொந்தெ இரு' படிச்சுக்கிட்டு இரு. மிருன்னா பாரு, ஒகுன்னா வை, ரெண்டு மொழியிலயும் அதே வினை அதே வேலையை செய்யுது பாருங்க. 'தெ' ஃபார்ம்னு கிளாஸ்ல ஒரு மாசம் போட்டு உருட்டுறாங்களே, நம்ம ஸ்கூல் இலக்கணத்துல வர்ற வினையெச்சம்தான் அது. 'நேத்து வாங்கின புத்தகம்' அப்படியே 'கினோ கத்த ஹொன்', வார்த்தை வரிசை கூட மாறாது. 'மொ'ன்னா 'உம்', நானும்ங்கிறதுக்கு வதஷி மொ.

இன்னொண்ணு, வகருன்னா புரியும். இங்கிலீஷ்ல 'ஐ அண்டர்ஸ்டாண்ட்'னு போட்டுக் குடுத்துடுவாங்க, அப்புறம் இங்க ஏன் நம்ம 'ஐ' உருபு மாதிரியான 'ஒ' வராம, எழுவாய்க்கு வர்ற 'க' வருதுன்னு மண்டை காயும். 'எனக்கு ஜப்பானீஸ் புரியும்'னுதானே சொல்றோம், 'நான் ஜப்பானீஸை புரியும்'னு நம்ம வாயில வருமா? பிடிக்கும், வேணும் எல்லாத்துக்கும் இதே கதைதான், இதை ஒருத்தர் எனக்கு முதல் வாரமே சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

தமிழ் கை குடுக்காத இடமும் இருக்கு. 'வீட்டுல இருக்கேன்', 'வீட்டுல சாப்பிடுறேன்', நமக்கு ரெண்டுமே 'ல', அவங்களுக்கு இருக்கிறதுக்கு 'நி', ஒரு வேலை செய்யிறதுக்கு 'தெ' (மேல சொன்ன 'தெ' ஃபார்ம் இல்ல, இது வேற). இதை பயிற்சி பண்ணித்தான் ஆகணும், குறுக்கு வழி இல்ல.

இப்போ லிஸனிங். நான் இங்க தமிழ் எழுத்துல எழுதுறேன், நீங்க நோட்ல அப்படி எழுதிப் பழகாதீங்க. வானிலைக்கு ஒரு வார்த்தை, கரண்ட்டுக்கு ஒரு வார்த்தை, தமிழ்ல எழுதினா ரெண்டுமே 'தென்கி'தான், ஆனா வானிலைக்கு 'தலை'ல வர்ற த சத்தம், கரண்ட்டுக்கு 'பந்து'ல வர்ற மாதிரி மெல்லமான த சத்தம். நம்ம எழுத்துல அந்த வித்தியாசம் இல்லாததால காதும் அதை விட்டுடுது. ஹிரகானாங்கிற அவங்க எழுத்துலயே எழுதுங்க, அடிப்படை எழுத்து 46தான், ரெண்டு வாரத்துல வந்துடும்.

அடுத்தது மாத்திரை, அதாவது ஒரு எழுத்தை சொல்ல ஆகுற நேரத்தோட அளவு, எனக்கு கதவு திறந்ததே இங்கதான். மாத்திரை எண்ணுறது நமக்குப் புதுசு இல்ல, குறில் 1, நெடில் 2, ஒற்று அரை. ஜப்பானீஸ்ல குறில் 1, நெடில் 2, ஆனா ஒற்றுக்கும் முழுசா 1. டோக்கியோ கூட அவங்க வாயில தொ-ஒ-க்யொ-ஒ, நாலு. இது ஏன் முக்கியம்னா, ஒரு மீட்டிங்ல சாம்பிள் 8ஆம் தேதி வரும்னு ஒரு ஜப்பான் இன்ஜினியர் சொன்னதை நான் 4ஆம் தேதின்னு எழுதிட்டு வந்து, எங்க டீம் முழுக்க 4ஆம் தேதி காத்துக்கிட்டு இருந்துச்சு. 4 'யொக்க', 8 'யோக'. நம்ம கணக்குல ரெண்டரையும் மூணும், அவங்க கணக்குல ரெண்டுமே மூணு, அதனால நீளத்தை வச்சு பிரிக்க முடியாது, நடுவுல சத்தம் நீளுதா இல்ல ஒரு தட்டு அளவுக்கு அப்படியே நிக்குதான்னுதான் கேக்கணும். தொடையில தாளம் போட்டுக்கிட்டு சொல்லிப் பாருங்க, யொ (தட்டு) க்-கு ஒரு தட்டு, அந்த தட்டுல வாய் மூடின மாதிரி அமைதி, அப்புறம் க.

வாக்கிய முடிவுல வர்ற 'தெஸு'வை 'தெஸ்'னு முழுங்குறாங்களேன்னு குழம்பாதீங்க, அது நம்ம குற்றியலுகரத்துக்கு சொந்தக்காரன் மாதிரிதான்.

தினமும் நான் பண்ணது இவ்வளவுதான்: ஒரு 20 செகண்ட் ஆடியோ, ஸ்கிரிப்ட் பாக்காம மூணு தடவை கேட்டு ஹிரகானால எழுதுவேன், அப்புறம் ஸ்கிரிப்ட்டை தெறந்து எங்கெங்க விட்டேன்னு சிவப்புல வட்டம் போடுவேன், கடைசியா ஆடியோ கூடவே சேர்ந்து பேசுவேன். வட்டம் பெரும்பாலும் ஒற்றுலயும் வாக்கிய முடிவுலயும்தான் விழும், செய்யும்ங்கிற 'மஸு'வா, செய்யாதுங்கிற 'மஸென்'னான்னு கடைசிலதானே தெரியும். பரீட்சைக்கு ஒரு மாசம் முன்னாடிலருந்து ஒரே ஒரு தடவை மட்டும் கேளுங்க, ஏன்னா அங்க ரெண்டாவது தடவை போட மாட்டாங்க. அனிமேல ஆரம்பிக்க வேணாம், அந்தப் பேச்சு வேற, கிளாஸ்ல படிக்கிற தெஸ்-மஸ் பேச்சு வேற.

அப்புறம் 'சனிக்கிழமை ச்சொத்தொ...'ன்னு ஒருத்தர் இழுத்தா வர மாட்டாருன்னு அர்த்தம். நம்ம ஊர்ல 'சனிக்கிழமை கொஞ்சம்...'னு இழுக்கிறதேதான், பரீட்சைல அடிக்கடி வரும்.

இன்னைக்கே ஆரம்பிக்கிறதா இருந்தா 1ஆம் தேதிலருந்து 10ஆம் தேதி வரைக்கும் பேர்களை மட்டும் எடுத்துக்கோங்க, யாராவது வரிசை மாத்தி சொல்ல, நீங்க காதால கேட்டு நம்பரா எழுதுங்க. யொக்கவும் யோகவும் பத்துக்கு பத்து சரியா வர்ற வரைக்கும் அடுத்ததுக்குப் போகாதீங்க.