முகாம் வேண்டாம், தொடர்ந்து விசாரிக்கும் ஓர் ஆள் வேண்டும்

கேள்வி: எங்கள் முதியோர் பகல்நேர மையத்துக்கு வரும் சிலர் மிகவும் மனம் சோர்ந்திருக்கிறார்கள். மருத்துவமனையின் மனநலப் பிரிவோடு ஒப்பந்தமும் இலவசப் பரிசோதனை முகாமும் ஏற்பாடு செய்து தருவதாக ஓர் இடைத்தரகர் கூறுகிறார். சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்க வேண்டாம். அவர் கொண்டுவரும் தாளில் முத்திரை இருக்கும். நீங்கள் அனுப்பிய முதியவர் மருத்துவரைப் பார்த்தாரா, மாத்திரையைத் தொடர்கிறாரா, மூன்று வாரம் கழித்து எப்படியிருக்கிறார் என்று விசாரிக்கப்போவது யார் என்பது மட்டும் இருக்காது. அமெரிக்காவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,801 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான மருத்துவரோடு, விடாமல் விசாரிக்கும் ஒரு பணியாளரும் அவருக்கு வழிகாட்டும் மனநல மருத்துவரும் சேர்ந்தபோது, ஓராண்டில் 45 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் பாதியாகவேனும் குறைந்தன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கே அப்படிக் குறைந்தன.

மனச்சோர்வு இருக்கலாமா என்று பார்க்க முகாமில் கேட்கப்படும் பதினைந்து கேள்விகள் சல்லடை மட்டுமே. நோயை உறுதிசெய்பவை அல்ல. மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டுக் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போகிறவர்கள் அச்சத்தை மட்டும் விட்டுச்செல்கிறார்கள். அதைவிடக் கேடு, நிரப்பிய படிவங்கள் நினைவாற்றல் மாத்திரை விற்பவர்களிடமும், ஆள் சேர்த்தால் தரகு கொடுக்கும் காப்பகங்களிடமும் போய்ச்சேர்வது. ‘படிவம் யாரிடம் இருக்கும், உங்களுக்குப் பணம் தருவது யார்?’ என்று அந்த இடைத்தரகரைக் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

பொது மருத்துவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைவும் வைட்டமின் பி12 குறைபாடும் மனச்சோர்வைப் போலவே தோன்றக்கூடும். அவர் இல்லாவிட்டால் முதியோர் பிரிவு மனநலப் பிரிவுக்கும், மனநலப் பிரிவு முதியோர் பிரிவுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். கைத்தடியோடு இரண்டு வரிசைகளிலும் நிற்பவரைப் பற்றி எந்தக் கோப்பும் கவலைப்பட்டதாக நான் கண்டதில்லை.

ஒன்றுக்கு மட்டும் எந்த ஏற்பாட்டுக்கும் காத்திருக்கக் கூடாது. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ குழம்பி, ஆளை அடையாளம் தெரியாமல், பகலில் மயங்கி இரவில் பதறினால், அது மனச்சோர்வல்ல. கிருமித்தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, புதிதாகத் தொடங்கிய மருந்தோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பதறாமல், திடீரென்று அடங்கிப் போகிறவர்களும் உண்டு. அவர்களைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். ஏற்கெனவே மறதிநோய் உள்ளவரிடமும் ‘இது பழைய நோய்தானே’ என்று இருந்துவிடாதீர்கள். சாவைப் பற்றிப் பேசுகிறவரையும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றவர்களில் மூவரை மட்டும், அவர்களுடைய சம்மதத்தோடு, ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடாமல் மூன்று மாதம் மருத்துவமனைக்கு அனுப்பிப்பாருங்கள். அவர்களைப் பற்றி நீங்கள் கேட்கும்போது பெயர் சொல்லிப் பதிலளிக்கும் ஒருவர் அங்கே கிடைத்துவிட்டால், ஒப்பந்தத்தை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள்.