'டிக்' சத்தம் வருது, கூரை அசையல!

கேள்வி: துணிக் கூரை மடங்கும் பழைய இரண்டு சீட் கார். ஐப்பசி மழைக்கு முன்பு வரை சரியாக இருந்தது. இப்போது சுவிட்சை அழுத்தினால் பின்னால் 'டிக்' சத்தம் மட்டும்தான். கூரையை ஆயில் அழுத்தத்தால் நகர்த்தும் மோட்டார் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், காட்பாடி

பதில்: அவசரப்படாதீர்கள். 'டிக்' கேட்டால் ரிலே (பம்புக்குக் கரன்ட் விடும் மின் சுவிட்ச்) வரை கட்டளை போகிறது என்று அர்த்தம். இன்ஜினை ஓட்டியபடியே ஒருவர் சுவிட்சை அழுத்தட்டும்; நீங்கள் பம்பு பிளக்கில் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட்டுக்குக் குறையாமல் வந்தும் மோட்டார் சுற்றவில்லையா? கோளாறு மோட்டாரில்தான். கரன்டே வரவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே முனை, எர்த் ஒயர் பக்கம் போங்கள்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் தண்ணீர் மேல். பி.எம்.டபிள்யூவின் முதல் தலைமுறை இசட்4 கார் இதற்குப் பேர்போனது: கூரை மடங்கி உட்காரும் குழியின் அடியில், இடது பக்கம், ஃபோம் உறைக்குள் பம்பு. மழைநீர் இறங்கும் டியூப் அடைத்தால் ஃபோம் ஊறி, மோட்டார் துருவேறும். புளிய மரத்தடியில் நிறுத்துகிறீர்களா? அந்தப் பொடி இலையே போதும்.

அடைப்பெடுக்கக் கம்பி வேண்டாம், டியூப் கிழியும். 2 மி.மீ. நைலான் நரம்பை மெதுவாக விட்டுச் சுழற்றுங்கள். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்தால் டியூப் உள்ளேயே கழன்றுவிடும். பிறகு அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள்; தேங்காமல் காருக்கு அடியில் கொட்ட வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள்.

மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ், பேரிங் பார்க்கச் சொல்லி காயில் கட்டும் கடையில் கொடுங்கள். காயில் கருகாமலிருந்தால் பெரும்பாலும் பிழைக்கும். திரும்ப மாட்டும்போது ஆயில் அளவு முக்கியம். பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள்; மினரல் ஆயிலுக்கான சீல்கள் அதில் ஊதிப்போகும்.

அதுவரை கூரையை மூட வேண்டுமென்றால், கையேட்டில் சொல்லியபடி பிரஷரை விடுவித்துவிட்டு, இருபுறமும் ஆள் நின்று ஒரே சீராகத் தூக்குங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் சட்டம் வளையும்; அந்தச் செலவுக்குப் பம்பே தேவலாம்.

கேள்வி: தார் ஜீப்பின் துணிக் கூரையில் ஜிப் இறுகிவிட்டது, பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னலும் மங்கிவிட்டது.
- வாசகர், குடியாத்தம்

பதில்: ஜிப் பல்லைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தூசியை எடுத்து, மெழுகுவர்த்தி தடவுங்கள். ஆயில் விட்டால் மறுபடி மண் ஒட்டும். ஜன்னலை உலர்ந்த துணியால் துடைப்பதுதான் கீறலுக்குக் காரணம். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தின்னர், பெட்ரோல் கூடவே கூடாது. மேலோட்டமான மங்கல் பிளாஸ்டிக் பாலிஷில் போகும். வேலூர் வெயிலில் பழுத்து மஞ்சளாகியிருந்தால் பாலிஷ் வீண்; சீட் கவர் தைக்கும் கடையில் அந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றித் தைத்துத் தருவார்கள்.