விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு ஊட்டுவது: கேள்வி பதில்

செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால் தசைக் கட்டுப்பாடு குறையும் நிலை), டவுன் சின்ட்ரோம் போன்ற காரணங்களால் மெல்லவும் விழுங்கவும் சிரமப்படும் பிள்ளைகளின் சிங்கப்பூர்ப் பெற்றோர் கேட்டவை இவை. பதில் சொல்பவர் இத்துறையில் இருக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட், அதாவது பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தருபவர்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): மகனுக்கு 4 வயது, செரிப்ரல் பால்சி. என் மாமியார் மடியில் படுக்கவைத்துப் பாலாடையில் கேழ்வரகுக் கூழ் புகட்டுகிறார். அடிக்கடி புரையேறுகிறது. கூழை மாற்ற வேண்டுமா அக்கா?

கூழை அப்புறம் பார்க்கலாம், முதலில் மடியை மாற்றுங்கள். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாயின் வாய் திறந்து நிற்கும். நாக்கு வேலை செய்யும் முன்பே கூழ் தானாகத் தொண்டைக்குள் வழிந்துவிடும். பாலாடையிலும் இதே தொல்லைதான். எவ்வளவு, எப்போது உள்ளே போக வேண்டும் என்பதை ஊட்டுகிறவர் கை முடிவு செய்கிறது, பிள்ளையின் வாய் அல்ல. மாமியாரிடம் "தப்பு" என்று சொல்லிச் சண்டை வாங்க வேண்டாம். "நாற்காலியில் உட்காரவைத்தால் இருமல் குறைகிறதா, ஒரு வாரம் பார்ப்போம் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள்.

உட்காரவைக்கும்போது இடுப்பிலிருந்து தொடங்குங்கள். இடுப்பு நாற்காலியின் பின்புறம் வரை போய் ஒட்டியிருக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் ஏறக்குறைய 90 பாகையில் மடங்கி, பாதம் இரண்டும் எதன் மீதாவது அழுந்தியிருக்க வேண்டும். கால் தொங்கினால் உடம்பு முறுக்கிக்கொள்ளும், கூடவே தலையும் பின்னால் போகும். வீட்டில் கால்மணை இல்லையா? கெட்டியான அட்டைப்பெட்டிக்குள் பழைய தமிழ் முரசு நாளிதழைத் திணித்து டேப் ஒட்டினால் போதும். இடுப்பின் இரு பக்கமும் சுருட்டிய துண்டு வையுங்கள். முகவாய் லேசாகக் கீழ்நோக்கி இருக்கட்டும்.

நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். அதனால் அவன் கண்மட்டத்திலோ அதற்குக் கீழேயோ உட்காருங்கள். குழி குறைந்த கரண்டியில் அரைத் தேக்கரண்டி எடுத்து, நேர் எதிரே சற்றுத் தாழ்வாகக் கொண்டுவந்து, நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து நேராக வெளியே எடுங்கள். மேல்பல்லில் வழித்துவிடுவது நம் வீடுகளில் எல்லாரும் செய்வது. அப்படிச் செய்தால் தலை அண்ணாந்துவிடும், உதடும் வேலை கற்றுக்கொள்ளாது. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து, வாய் காலியானதும் அடுத்த கரண்டி. சாப்பிட்டபின் 30 நிமிடம் படுக்க வைக்காதீர்கள்.

கேள்வி (பொங்கோல்): மகளுக்கு நீர் வகை எல்லாம் திக்கனர் (பானத்தைக் கெட்டியாக்கும் பொருள்) கலந்து இரண்டாம் நிலைத் திண்மையில் (நிலை எண் கூடக்கூடப் பானம் கெட்டி) கொடுக்கச் சொன்னார்கள். வீட்டில் மைலோ பானம் சரியாக இருக்கிறது. பள்ளியில் திறந்தால் தண்ணியாகிவிட்டது என்கிறார்கள்.

எந்த வகைத் திக்கனர் என்று டின்னைப் பாருங்கள். மாவுச்சத்தால் ஆனது என்றால் எச்சில் பட்டதுமே நீர்த்துப்போகும், ஏனென்றால் எச்சிலில் இருக்கும் நொதி மாவை உடைக்கும். காலையில் நாலு வாய் குடித்துவிட்டு அதே போத்தலைப் பையில் போட்டு அனுப்பினால், பத்து மணிக்கு அது வேறு பானம். சாந்தன் கம் வகை எச்சிலுக்கு அசையாது. எதுவானாலும், குடிக்க ஒரு குவளை, எடுத்து வைக்க வேறு போத்தல் என்று பிரித்துவிடுங்கள்.

பாலில் கலக்கும்போது தண்ணீரைவிடத் தாமதமாகத்தான் கெட்டியாகும். பொறுமையில்லாமல் இன்னொரு கரண்டி போட்டால் சிறிது நேரத்தில் களியாகிவிடும். டின்னில் போட்ட நிமிடக் கணக்கைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஒரு பிராண்டின் கரண்டி அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, அதிலும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, மருத்துவர் சொல்லாமல் திக்கனர் கொடுக்கவே கூடாது.

கண்ணால் அளக்காமல் சிரிஞ்சால் அளக்க ஒரு வழி உண்டு. ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் வேண்டும். பூஜ்யக் கோட்டிலிருந்து 10 வரை ஸ்கேல் வைத்தால் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குத் தவறும். தண்டை உருவிவிட்டு, சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து, 10 மில்லி வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து, சரியாகப் 10 விநாடியில் மறுபடி அடையுங்கள். உள்ளே மீந்தது 1 மில்லிக்கும் குறைவென்றால் வெறும் தண்ணீர் நிலை. 1 முதல் 4 வரை முதல் நிலை, 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை, 8க்கு மேல் மூன்றாம் நிலை. சொட்டே விழாவிட்டால் நான்கு, அது கரண்டியில் சாப்பிடுவது. குடிக்கும் சூட்டில் அளந்து பாருங்கள், ஆறினால் திண்மை மாறும். பள்ளி ஆசிரியரிடமும் ஒரு சிரிஞ்ச் கொடுத்துவிட்டால் "தண்ணி, தண்ணியில்லை" என்ற வாதமே வராது.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): ரசம் சாதத்தை நன்றாகக் குழைத்துத்தானே கொடுக்கிறேன், அதற்கும் இருமுகிறானே?

குழைத்தாலும் வாய்க்குள் போனதும் ரசம் தனி, பருக்கை தனி. நாக்கு பருக்கையைக் கவனிக்கும் நேரத்தில் ரசம் முன்னால் ஓடிவிடும். திடமும் நீரும் கலந்தது, இவர்களுக்கு மிகக் கடினமான உணவுகளில் ஒன்று. தர்பூசணி, பாலில் ஊறிய பிஸ்கட் எல்லாம் அதே ஜாதி.

ஒரு பங்கு பொன்னி அரிசிக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, சூட்டோடு பருப்பும் நெய்யும் சேர்த்து அரையுங்கள். சோற்றை மட்டும் மிக்ஸியில் ஓட்டினால் பசைபோல ஆகி அண்ணத்தில் ஒட்டும், பருப்பும் நெய்யும் அதைத் தளர்த்தும். கரண்டியைச் சாய்த்து லேசாகத் தட்டினால் மொத்தமாகப் பொத்தென்று விழ வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் வாயிலும் அப்படித்தான் நிற்கும். தளர்த்தத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வயிறு நிறையும், எடை ஏறாது. பருப்புத் தண்ணீரோ பாலோ சேருங்கள். ஒரு தேக்கரண்டி நெய்யில் 40 கலோரி வரை இருக்கிறது.

கடுகு, கறிவேப்பிலை, மிளகாய்த் தோல், முருங்கை நார் ஆகியவற்றை வடிகட்டி எடுத்துவிடுங்கள். தாளிப்பு வாசம்தான் வேண்டும் என்றால் எண்ணெயை மட்டும் வடித்து ஊற்றுங்கள், பிள்ளைக்கும் ருசி வேண்டுமே. பரோட்டா வேண்டாம். இழுத்தால் நீளும் எதையும் இவர்களால் மென்று துண்டாக்க முடியாது.

கேள்வி (ஈசூன்): என் மகளுக்கு இருமலே வருவதில்லை. அப்படியானால் பயமில்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. உணவு நுரையீரலுக்குள் போனாலும் இருமாத பிள்ளைகள் உண்டு. சாப்பிட்டதும் குரல் நீர் கொப்பளிப்பதுபோல் கரகரக்கிறதா, கண் கலங்குகிறதா, காரணமில்லாமல் காய்ச்சல் வருகிறதா, நெஞ்சுச் சளி திரும்பத் திரும்பப் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஒரு வேளை உணவுக்கு 30 நிமிடத்துக்கு மேல் ஆவதும் எச்சரிக்கைதான். இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் விழுங்கும் எக்ஸ்ரே வீடியோ வேண்டுமா என்று கேளுங்கள். பேரியம் (எக்ஸ்ரேயில் தெரியும் பொருள்) கலந்த உணவை விழுங்கும்போது அது எந்தப் பக்கம் போகிறது என்று அதில் தெரியும். பரிசோதனைக்கு உங்கள் வீட்டுக் கரண்டியையும் போத்தலையும் கொண்டுபோங்கள்.

கேள்வி (பிடோக்): பகலில் இல்லப் பணிப்பெண்தான் ஊட்டுகிறார். மொழிச் சிக்கல்.

எழுதிக் கொடுப்பதைவிட மூன்று படம் போதும்: சரியான உட்காரும் நிலை, கரண்டியில் எவ்வளவு, எந்தத் திண்மை. அவர் ஊட்டுவதையே நீங்கள் கைப்பேசியில் எடுத்து இருவரும் சேர்ந்து பாருங்கள். அவசரப்பட வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். தட்டைக் காலி செய்தால்தான் நல்ல வேலை என்று நினைத்துத்தான் பலர் திணிக்கிறார்கள். இருமினால் நிறுத்தலாம், மீதியைக் கொட்டலாம் என்ற அனுமதி அவருக்குத் தேவை. உடற்குறையுள்ளவரைப் பார்த்துக்கொள்வதற்கான பணிப்பெண் தீர்வைச் சலுகைக்கு விண்ணப்பித்தீர்களா? அது கிடைத்தால் அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 60 வெள்ளிதான்.

கேள்வி (செங்காங்): சாப்பிட உட்காரவைக்கும் சிறப்பு நாற்காலி விலை அதிகம். உதவி கிடைக்குமா?

துணைக்கருவிகளுக்கான நிதி உண்டு, உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபிள் அமைப்பின் மூலம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை, வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. முதலில் தெரபிஸ்ட் மதிப்பீடு, பிறகு விண்ணப்பம், ஒப்புதல் வந்தபின் வாங்குவது. இந்த வரிசையை மாற்றி முதலில் வாங்கிவிட்டு ரசீதோடு போகாதீர்கள். வாங்கும் முன் உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் மிகக் குறுகிய கதவை அளந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் குளியலறைக் கதவுதான்.

கேள்வி (அங் மோ கியோ): வயிற்றில் டியூப் வைக்கச் சொல்கிறார்கள். வைத்துவிட்டால் வாயால் சாப்பிடவே முடியாதா?

பல பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும். எடைக்கும் மருந்துக்கும் டியூப், ருசிக்கு இரண்டு கரண்டி வாயால். எது பாதுகாப்பு என்பதை உங்கள் தெரபிஸ்ட் சொல்வார். டியூபில் கொடுக்கும்போதும் முதுகை 30 முதல் 45 பாகை நிமிர்த்தியே வையுங்கள். முன்னும் பின்னும் தண்ணீர் செலுத்திக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். டியூப் கழன்று விழுந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வாயால் ஒன்றும் கொடுக்காத பிள்ளைக்கும் தினம் இருமுறை பல் தேய்க்க வேண்டும். வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கும். நுரைக்காத பற்பசையை அரிசி மணி அளவு எடுத்து, உட்காரவைத்து, முகவாயைத் தாழ்த்தித் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி (தெம்பனிஸ்): வலிப்பு மருந்து சிரப்பாக இருக்கிறது. அதையும் கெட்டியாக்க வேண்டுமா?

சிரப்பும் தண்ணீர்போல ஓடும், அதனால் கேள்வி சரியானது. ஆனால் திக்கனர் சில மருந்துகள் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கலக்கும் முன் மருந்தாளரிடம் கேளுங்கள். எதில் கலந்தாலும் ஒரே கரண்டி உணவில் கலந்து முதலில் கொடுத்துவிடுங்கள். முழுக் கிண்ணத்தில் கலந்து பிள்ளை பாதியில் வாயை மூடிக்கொண்டால், எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.