மூன்றேகால் பவுன் கணை: குறுக்குவில் கேள்வி பதில்

அழகர்கோவில் சாலையோரத் தோப்பில் ஞாயிறு காலைப் பயிற்சிக்கு வருபவர்களுக்காக ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதில் சேர்ந்த கேள்விகள் இவை. குறுக்குவில் என்பது துப்பாக்கிக் கட்டை போன்ற தண்டில் குறுக்காகப் பொருத்திய வில், ஆங்கிலத்தில் கிராஸ்போ. அதில் எய்யும் குட்டை அம்பை ஆங்கிலத்தில் போல்ட் என்பார்கள். நம்மூர் ஹார்டுவேர் கடையில் அப்படிக் கேட்டால் நட்டும் சேர்த்துத் தருவார்கள். ஆகவே நான் கணை என்றே எழுதுகிறேன்.

அண்ணே, புதிதாகக் குறுக்குவில் வாங்கியிருக்கிறேன். எடை குறைந்த கணை வேகமாகப் போகுமாமே, அதையே வாங்கிவிடலாமா?

போகும். கூடவே வில்லும் போகும். நாணில் தேங்கிய விசையைக் கணைதான் வாங்கிக்கொண்டு பறக்க வேண்டும். கணை இலேசாக இருந்தால் மிச்ச விசை வில்லின் கைகளிலேயே அதிர்வாக இறங்கும். எனவே முதலில் வில்லோடு வந்த கையேட்டைத் திறந்து, குறைந்தபட்சக் கணை எடை எவ்வளவு என்று பாருங்கள். அதற்குக் கீழே இறங்கவே கூடாது.

எடையைக் கிரெயினில் போட்டிருப்பார்கள். ஒரு கிரெயின் 0.065 கிராம். மதுரைக்காரருக்குப் பவுனில் சொன்னால் சட்டென்று பிடிபடும்: 125 கிரெயின் முனை என்றால் ஏறக்குறைய ஒரு பவுன். 400 கிரெயின் கணை மூன்றேகால் பவுன், அதாவது 26 கிராம். ஒரு பொறி இருக்கிறது. சில பெட்டிகளில் முனையைச் சேர்க்காத எடையை அச்சிட்டிருப்பார்கள். முனை, தண்டு, இறகு, நாண் வந்து தள்ளும் வால்முனை எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. தெற்கு ஆவணி மூல வீதி நகைப் பட்டறைகளில் இருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். ஒரே பெட்டியில் ஒன்று மட்டும் தனியாக எடை காட்டினால் அதைப் பிரித்து வையுங்கள். இலக்கில் அது தனியாகத்தான் போய்க் குத்தும்.

வால்முனையில் தட்டை, பிறை என்று பல வகை சொல்கிறார்கள். எது நல்லது?

நல்லது கெட்டது என்று எதுவும் இல்லை. உங்கள் வில்லுக்கு உரியது எதுவோ அது மட்டும்தான். தட்டை வால் மட்டமாக இருக்கும். பிறை வாலில் நாண் உட்காரச் சிறு பள்ளம் உண்டு. நாணைக் கவ்விக்கொள்ளும் வகையும் இருக்கிறது. தப்பான வாலைப் போட்டால் நாண் கணையின் முதுகின் மேல் ஏறிவிடலாம், அல்லது அடியில் நழுவலாம். இரண்டிலும் கணை நகராமல் வெறும் நாண் மட்டும் பாயும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நண்பர் ஒருவரின் வில்லுக்குப் பிறை வால் வேண்டும். என் பையில் இருந்தது தட்டை வால். “எல்லாம் ஒன்றுதான்” என்று நானே சொன்னேன். ட்ரிகரை இழுத்ததும் காய்ந்த சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம். கணை அது படுத்திருக்கும் தடத்திலேயே குறுக்காகக் கிடந்தது. வில்லின் இடப்பக்கக் கையில் மயிரிழை போல வெடிப்பு. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பிறை வாலில் இன்னொன்றும் உண்டு: பள்ளம் நாணோடு நேராகப் பொருந்த வேண்டும். தனி நிறத்தில் இருக்கும் ஒற்றை இறகு தடத்தின் பள்ளத்துக்குள் கீழ்நோக்கி இறங்கினால் பெரும்பாலும் சரியாக உட்கார்ந்துவிடும்.

ஐயா, நத்தம் பக்கம் எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றி நிலக்கடலையைக் கிளறிவிடுகிறது. அதற்கு எந்தக் கணை ஏற்றது?

எந்தக் கணையும் இல்லை. இரவெல்லாம் காவல் இருந்தும் விடியும்போது பாத்தி உழுதுபோட்டாற்போல் கிடக்கும் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். என் மாமனாரும் கடலைக்காரர்தான். ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. துப்பாக்கியா, வில்லா, சுருக்குக் கம்பியா என்று அது பேதம் பார்ப்பதில்லை. மயில் மேல் கை வைத்தால் இன்னும் மோசம், அது முதல் பட்டியலில் இருக்கிறது. சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனுக் கொடுங்கள். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை இழப்பீடு உண்டு. அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஜாமீனுக்கு அலைவதைவிட அது குறைவு.

மருமகன் அமெரிக்காவில், ஒஹாயோவில் இருக்கிறார். அங்கே குறுக்குவில்லில் மான் வேட்டைக்கு அனுமதி உண்டாம். பயிற்சிக்கும் வேட்டைக்கும் ஒரே கணை போதுமா என்று கேட்கிறார்.

அங்கே உரிமம் பெற்று, பருவத்தில் வேட்டையாடலாம். தண்டு ஒன்றே போதும், முனைதான் மாறும். பயிற்சிக்குக் கூர்மொட்டு முனை. வேட்டைக்குச் சவரக் கத்தி போன்ற அலகுகள் உள்ள வெட்டு முனை. அதில் அலகு நிலையாக நிற்பதும் உண்டு, பட்டதும் விரிவதும் உண்டு. விரியும் வகை பயிற்சி முனையைப் போலவே நேராகப் பறக்கும். ஆனால் அசையும் உறுப்பு என்றைக்காவது காலை வாரும். நிலை அலகு அப்படி ஏமாற்றாது, ஆனால் காற்று அதன் அலகைப் பிடித்துத் திருப்பப் பார்க்கும். என்னைக் கேட்டால் நிலை அலகு. 100 கிரெயினில் பயிற்சி செய்தவர் வெட்டு முனையும் 100 கிரெயினிலேயே வாங்கட்டும். வாங்கிய பிறகு இலக்கில் எய்து சரிபார்க்காமல் காட்டுக்குள் போகக் கூடாது. எடை ஒன்றாக இருந்தாலும் படும் இடம் சற்று விலகலாம். காயத்தோடு ஓடிய மான் எங்கோ கிடந்து சாவதற்கு அந்த விலகலே போதும்.

ஆசாரியிடம் சொல்லி மூங்கிலில் செய்துகொள்ளலாமா?

மூங்கில் வில்லுக்கு மூங்கில் அம்பு, தாராளமாக. இன்றைய குறுக்குவில்லுக்கு வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும், அந்த விசையில் தண்டு எய்பவரின் கைப்பக்கமே சிதறும். கார்பனோ அலுமினியமோ வாங்குங்கள். அலுமினியம் வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். கார்பன் வளைந்தபடி நிற்காது, உடையும்.

முன்பாரம் என்கிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுவது?

கணையின் எடை நடுவை விட்டு எவ்வளவு முன்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே முன்பாரம். முனையை மாட்டிய கணையைப் பென்சில் மேல் கிடத்தி, எங்கே சமநிலையில் நிற்கிறது என்று குறியுங்கள். 20 அங்குலக் கணை வாலிலிருந்து 12.5 அங்குலத்தில் நின்றால், நடுப்புள்ளியான 10ஐக் கழித்து 2.5. அதை 20ஆல் வகுத்தால் 12.5 சதவீதம். பத்திலிருந்து பதினைந்துக்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் இலக்கு வைக்கலாமா?

கரைக்கு அந்தப்பக்கம் ஆடு மேய்ப்பவர் இருப்பார். தவறிய கணை சில நூறு மீட்டர் போகும். நாற்புறமும் அடைத்த இடம் வேண்டும், பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு வேண்டும். சாக்கில் பழைய சேலைகளைத் திணித்துக் கட்டினால் பயிற்சி முனைக்கு நல்ல இலக்கு. வெட்டு முனையை அதில் எய்தால் சேலையோடுதான் திரும்பி வரும்.

குறுக்குவில் பயின்றால் விளையாட்டு ஒதுக்கீடு கிடைக்குமா? நான் கல்லூரி மாணவி.

அதை நம்பி இறங்காதே அம்மா. ஒலிம்பிக் வில்வித்தையில் குறுக்குவில் கிடையாது. நுனிகள் முன்னே வளைந்த ரிகர்வ் வில்லில் 70 மீட்டர், இல்லையென்றால் நுனியில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லில் 50 மீட்டர் என்று பயிற்சி எடு. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் சேர்ந்திருக்கிறது. சும்மா பெருமைக்கு ஒன்று சொல்கிறேன்: சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் காவலில் வளைவிற்பொறி என்று ஒன்று வருகிறது. தானே வளைந்து எய்யும் எந்திர வில் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். சான்றிதழுக்கு அது உதவாது.

கணையை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

எண்ணிக்கை கிடையாது. ஒவ்வொரு முறை பிடுங்கியதும் இரு முனையையும் பிடித்து இலேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். நொறுங்கும் ஓசை கேட்டால் உடைத்துப் போட்டுவிடுங்கள். பிறகு ஒரு துண்டுப் பஞ்சைத் தண்டின் நீளத்துக்கு உருவுங்கள். பஞ்சின் இழை எங்காவது மாட்டினால் அங்கே சிராய் எழுந்திருக்கிறது. விரலால் தடவிப் பார்க்காதீர்கள், கார்பன் சிராய் உள்ளே போனால் ஊசியால் எடுப்பதற்குள் உயிர் போய்விடும். சித்திரை வெயிலில் கணைப் பையைப் பூட்டிய காருக்குள் விட்டுச் செல்லவும் வேண்டாம். போன மே மாதம் என் பையில் மூன்று கணைகளின் முனைகள் பசை இளகித் தனியே கழன்று கிடந்தன.