மானியம் ஆயிரத்தில், கடன் லட்சத்தில்

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் 2 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. அரசு மரக்கன்று இலவசமாகத் தருகிறது, பராமரிப்புக்குப் பணமும் வரும், கடலையை விட்டுவிட்டு முழுக்க மகோகனி வைக்கலாம் என்கிறார் மைத்துனர். போர்வெல்லுக்கும் வேலிக்கும் ஒன்றரை வட்டிக்கு 3 லட்சம் அவரே வாங்கித் தருகிறாராம். மானியத்தை நம்பி ஆட்டுக்கொட்டகைக்கு வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை. மனைவியோ தம்பி பக்கம். என்ன செய்வது?

பதில்: மரம் தாராளமாக வையுங்கள். மானியம் என்று காதில் விழுந்ததும் வட்டிக்கு வாங்குகிறீர்களே, அதை விடுங்கள்.

மைத்துனர் சொல்வது, 2021-22-ல் தொடங்கிய பசுமைப் போர்வை இயக்கம் என்ற அரசுத் திட்டம். அதில் வயல் முழுக்க நட்டால் ஏக்கருக்கு 160 கன்று. உங்களுக்கு 320. பராமரிப்புத் தொகை இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு, கன்றுக்கு 7 ரூபாய். அதுவும் உயிரோடு நிற்கும் கன்றுக்கு மட்டும். (நட்டுப் போட்டோ எடுத்துவிட்டு மறந்துபோகிறவருக்குப் பணம் போகக் கூடாதே, சரியான விதிதான்.) ஒன்றுகூடப் பட்டுப்போகாவிட்டால் ஆண்டுக்கு 2,240, மூன்றாண்டுக்கு 6,720. கடனுக்கு வட்டி மாதம் 4,500. மூன்று வருட மானியம் ஒன்றரை மாத வட்டிக்குத்தான் காணும்! அசல் அப்படியே நிற்கும், கடலை வருமானமும் போயிருக்கும்.

'இருபது வருஷத்தில் கோடி' என்று மகோகனி விற்பவர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தொண்ணூறுகளில் தேக்கு, 2012-ல் ஈமு கோழி, எல்லாவற்றுக்கும் இதே பேச்சு. விலை நல்லபடியாக வரலாம். ஆனால் இருபது வருஷம் வட்டி கட்டுவது யார்?

வரப்பில் மட்டும் நடுங்கள். ஏக்கருக்கு 50 வீதம் 100 கன்று கிடைக்கும். அரசின் உழவன் செயலியில் பதிந்து, தேக்கும் வேங்கையும் கலந்து கேளுங்கள். ஐப்பசி மழையில் நட்டால், முதல் இரண்டு கோடைக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். 100 கன்றுக்கு அது வீட்டு ஆட்களால் முடியும், 320-க்கு முடியாது. நட்ட கையோடு வி.ஏ.ஓ.விடம் சொல்லி மரங்களை அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமப் பதிவேடு) ஏற்றிவிடுங்கள். பின்னால் வெட்டும்போது அந்தப் பதிவு கை கொடுக்கும். வயலில் கடலை தொடரட்டும், அதில் வருவது முதலில் கொட்டகைக் கடனுக்குப் போகட்டும்.

மைத்துனரிடம், "பழைய கடன் தீரட்டும் மாப்பிள்ளை, அப்புறம் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். இந்த 3 லட்சத்தில் அவருக்குக் கமிஷன் எவ்வளவு என்று மனைவி முன்னால் கேட்டுவிடாதீர்கள்.