கணைய அழற்சிக்குப் பிறகு கஞ்சி மட்டும் போதுமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "என் வீட்டுக்காரருக்கு 46 வயது. நாள்பட்ட கணைய அழற்சி என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குடியை விட்டுவிட்டார். ஒருநாள் மீன் குழம்பு சாப்பிட்டாலும் மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கிறது. பயந்துபோய் ஆறு மாதமாகக் கஞ்சியும் ரசம் சோறும்தான் கொடுக்கிறேன். 8 கிலோ இளைத்துவிட்டார். என்ன கொடுக்கலாம்?"

குடியை விட்டது பெரிய காரியம், சகோதரி. பீடி, சிகரெட், புகையிலை இருந்தால் அதையும் விட வேண்டும். கணையத்தைக் கெடுப்பதில் புகைக்குத் தனிப் பங்கு உண்டு.

ஆனால் கஞ்சியோடு நிறுத்தாதீர்கள். அவர் இளைப்பதில் நோய்க்கு ஒரு பங்கு, பட்டினிக்கு ஒரு பங்கு. கொழுப்பைச் செரிக்கும் நொதி கணையத்தில் போதிய அளவு சுரக்காததால்தான் மலம் மிதக்கிறது. அதை ஈடுகட்டத்தான் நொதி மாத்திரை. கொடுத்ததில் அது இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இருந்தால், எப்போது போடுகிறார் என்று கவனியுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். வெறும் வயிற்றில் போட்டாலும், கை கழுவிய பிறகு போட்டாலும் பலன் குறைந்துவிடும். முதல் கவளத்தோடு போட வேண்டும். இரண்டு என்றால் மற்றொன்றைப் பாதிச் சாப்பாட்டில். மென்று விழுங்கக் கூடாது. ஒழுங்காகப் போட்டும் மலம் மிதந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

சரி, சாப்பாடு. மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரித்துக் கொடுங்கள். இட்லி சாம்பார், முட்டை, தயிர், குழம்பில் வெந்த விரால் அல்லது கெண்டை எல்லாம் ஆகும். சம்பா அறுப்புக்கு முன் வயலில் தெளிக்கிற பயறும் உளுந்தும் உங்கள் வீட்டிலேயே இருக்கும். குழைய வேகவைத்து, கொஞ்சமாகத் தொடங்குங்கள். தாளிக்கவும் குழம்புக்கும் அளவாக எண்ணெய் சேர்க்கலாம். பஜ்ஜி, பொரித்த மீன், நெய் வழியும் அசோகா அல்வா வேண்டாம். சத்து என்று நினைத்துக் கீரையையும் சிறுதானியத்தையும் அளவுக்கு மீறி ஏற்றாதீர்கள். நார் மிகுந்தால் நொதியின் வேலை குறையும்.

இளைத்ததை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். சர்க்கரையையும், ஏ, டி, இ, கே வைட்டமின் குறைபாட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கணையத்தால் வரும் சர்க்கரை திடீரென்று தாழவும் செய்யும். இன்சுலின் போடுபவர் என்றால் ஒரு வேளைச் சாப்பாடும் தவறக் கூடாது.

மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவி, வாந்தியும் சேர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கூட்டிப் போங்கள்.